அந்த ஸ்டோர் ரூமைத் திறவுங்கள்

கல்லூரி முன்னாள் மாணவர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 1994 பேட்ச் சிவில்காரன் எழுதுகிறேன். பொன்விழாவுக்குக் கல்லூரி வாசலில் வளைவு கட்டப்போவதாக உங்கள் சுற்றறிக்கை வந்தது. கட்டுங்கள். வரைபடத்தில் அஸ்திவாரம் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

இந்த மடல் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமைப் பற்றியது. 2021 கொரோனா இரண்டாம் அலையில் நாம் வாங்கிய, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் பதினான்கு கான்சன்ட்ரேட்டர் இயந்திரங்களும் அங்கே உடைந்த கட்டில்களுக்கு நடுவில் நிற்கின்றன. இரண்டு முறை போனில் சொன்னேன். பொதுக்குழுவில் வைக்கிறோம் என்றீர்கள். பொதுக்குழு என்றால் எல்லாரும்தானே, அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

அந்த மே மாதம் நினைவிருக்கிறதா? 10-ஆம் தேதி முழு ஊரடங்கு வந்தது. நம் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து நின்றுபோய், நோயாளியின் ரத்த ஆக்சிஜன் அளவு வெறும் எண்ணாக வர ஆரம்பித்தது. "மதுரை, 88." "திருநெல்வேலி, அப்பா, 84." அதற்கு மேல் யாரும் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. 1991 பேட்ச் அண்ணன் ஒருவர் நாற்பது பக்க நோட்டில் மருத்துவமனை எண்களை எழுதிவைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கூப்பிடுவார். படுக்கை காலி என்று தகவல் போட்டால் விசாரித்த நேரத்தையும் சேர்த்துப் போட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். ஒரு மணி நேரம் பழைய தகவலை நம்பி ஆம்புலன்ஸில் மூன்று இடம் அலைந்தவர்கள் நம்மிலேயே இருந்தார்கள்.

தப்பும் செய்தோம். முதல் பத்து நாள் கொரோனாவுக்கு ரெம்டெசிவிர் என்ற மருந்தைத் தேடியே ஓடினோம். அந்த மருந்தைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. நமக்கு யார் சொன்னார்கள்? நம் பேட்ச் தோழியின் கணவர், நுரையீரல் மருத்துவர், ஒரு நாள் இரவு குழுவில் கத்தினார். "மருந்துக்கு அலையாதீர்கள். 94-க்குக் கீழே இறங்கியதும் கூப்பிடுங்கள், 85 வரை காத்திருக்காதீர்கள். படுக்கை கிடைக்கும்வரை குப்புறப் படுக்கச் சொல்லுங்கள்." அதற்குப் பிறகுதான் கான்சன்ட்ரேட்டர் வாங்கும் யோசனை வந்தது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் இயந்திரம் மோசமான நிலையில் இருப்பவரைக் காப்பாற்றாது என்றும் அவர்தான் சொன்னார். இடம் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்கவும், வீடு திரும்பியவர்கள் தேறவும் அது போதுமாக இருந்தது.

இப்போது அந்த இயந்திரங்களின் கதைக்கு வருகிறேன். உள்ளே ஜியோலைட் என்று ஒரு பொருள் இருக்கிறது. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துவைத்து ஆக்சிஜனை வெளியே விடுவது அதுதான். ஓட்டாமல் போட்டுவைத்தால் ஈரம் குடித்துக் கெட்டுப்போகும். அப்புறம் விளக்கு எரியும், சத்தம் வரும், குழாயில் வருவது கிட்டத்தட்ட வெறும் காற்றாக இருக்கும். பூட்டிவைத்துப் பாதுகாக்கிற பொருள் அல்ல அது. நம் ஊரில் பஞ்சாலையிலும் கல் குவாரியிலும் நுரையீரலைத் தொலைத்தவர்கள், காசநோய் குணமாகியும் மூச்சு வாங்குகிறவர்கள் மாத வாடகை கொடுத்து இதே இயந்திரத்தை வாங்கி வைத்திருக்கிறார்கள். மருத்துவர் சீட்டு இருந்தால் இலவசமாகக் கொடுப்போம். ஓடிக்கொண்டிருந்தால்தான் அடுத்த ஆபத்துக்கு அது உயிரோடு இருக்கும்.

இன்னொன்று. அப்போது அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நம் ஆட்கள் பணம் அனுப்பத் துடித்தார்கள், நம்மால் வாங்க முடியவில்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி நம் சங்கம் பதிவு செய்யவில்லை. பதிவுள்ள வேறு அமைப்பு வாங்கி நமக்குத் தரலாமா என்றால், 2020 திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. இந்தியக் கடவுச்சீட்டை வைத்திருந்தவர்கள் தம் சேமிப்பிலிருந்து அனுப்பியதில்தான் முதல் ஆறு இயந்திரங்கள் வந்தன. இந்தப் பதிவுக்கு மூன்று வருடச் செலவுக் கணக்கு காட்ட வேண்டும். ஆபத்து வந்தபின் ஓடிப்போய் வாங்குகிற காகிதம் இல்லை. ஆடிட்டரை இந்த வருடமே பாருங்கள்.

அந்தப் பதினான்கில் ஒன்றுக்கு மட்டும் பூப்போட்ட துணியில் உறை இருக்கும். என் அறைத்தோழன் நான்கு நாள் பயன்படுத்தியது. அவன் மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. அவன் மனைவி ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, உறை தைத்துப் போட்டு, பதினாறாம் நாள் கழிந்ததும் ஆட்டோவில் அனுப்பினார். "வேறு யாருக்காவது உடனே வேணுமா இருக்கும் அண்ணா" என்றார்.

சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஆக்சிஜன் அளக்கும் மீட்டரோடு வருகிறேன். உங்களில் ஒருவர் வந்தால் போதும்.

இப்படிக்கு,
1994 சிவில், அறை எண் 37