உன்ரை கரையில பிறந்த நத்தை

ஒட்டுசுட்டான்,
மார்கழி.

அன்பின் மச்சான்,

மொம்பாசாவில இருந்து நீ போட்ட கடிதம் போன கிழமை வந்தது. நீ இருக்கிற கரையில பிறந்த சீவன் ஒண்டு இப்ப என்ரை வளவில குடியிருக்குது. அதைத்தான் முதல் எழுதவேணும்.

மாரி விடாமல் பெய்யுது, முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாயுது. முந்தநாள் இரவு ரோச்சோட கிணத்தடிக்குப் போனன். கிணத்துக்கட்டு முழுக்க ஆபிரிக்க நத்தை. குனிஞ்சு காது குடுத்தால் சுரண்டுற சத்தம் கேக்குது மச்சான்! கோது வளரச் சுண்ணாம்பு வேணுமெல்லே, போன பொங்கலுக்கு அடிச்ச வெள்ளையைத் தின்னுதுகள். விடியப் பாத்தால் கட்டில வளைஞ்சு வளைஞ்சு பல்லுத் தடம்.

சண்டைக்குப் பிறகு ஆரோ கொண்டந்து விட்டதெண்டு ஊரில கதை. அப்பிடியில்லை. உங்கட கென்யா, தன்சானியாக் கரையில இருந்து மடகஸ்கார், மொரீசியஸ் எண்டு தீவு தீவாய் வந்து, 1847இல கல்கத்தா, 1900இல இலங்கை.

ஆனால் என்ரை வளவுக்குக் கொண்டந்தது நான்தான். நாலு வருசத்துக்கு முதல் வெளியில வாங்கின வாழைக்குட்டியை வேர்மண்ணோட நட்டன். அந்த மண்ணுக்குள்ள சவ்வரிசி மாதிரி மஞ்சள் மணியள் கிடந்தது. உரமெண்டு நினைச்சு மூடிவிட்டன். அவ்வளவும் முட்டை. ஒருதரம் இட்டால் நூறுக்கு மேல வரும். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில. ஒருக்காச் சேர்ந்தாலே மாதக்கணக்கா இட்டுக்கொண்டிருக்கும்.

அம்மா பாத்துப் பாத்து வளர்த்த பப்பாசி நாத்து ஒரே இரவில வெறும் தண்டாப் போச்சு. அவ ஒண்டும் சொல்லேல்லை, அதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருக்கு.

பக்கத்து வளவுக்காரர் மண்ணில உப்பைக் கொட்டச் சொன்னார். கொட்டினால் பிறகு அதில என்ன முளைக்கும்? பின்னேரம் பப்பாசி இலையைப் போட்டு மேல ஈரச் சாக்கை விரிக்கிறன், விடிய எல்லாம் அதுக்கடியில கூடிக் கிடக்கும். கையில சொப்பின் பையைப் போட்டுப் பொறுக்கி, உப்புத்தண்ணி வாளியில போட்டு, ஆழக் கிடங்கு வெட்டிப் புதைக்கிறன். வெறுங்கையால தொட மகளை விடுறேல்லை. எலியின்ரை நுரையீரலில வாழுற புழு இந்த நத்தைக்குள்ளயும் இருக்கும், மனிசருக்குள்ள போனால் மூளையைத் தாக்கும். கீரையையும் இலை இலையாத்தான் கழுவுறம்.

கோடை வந்தால் வாயை வெள்ளைத் தகடு மாதிரி அடைச்சுக்கொண்டு மண்ணுக்குள்ள படுத்திடும். பிறகு தேடிப் பிடிக்கேலாது. தை முடிய முதல் பொறுக்கி முடிக்கவேணும்.

அங்க தோட்டக்காரர் ஆரும் பழக்கமெண்டால் கேட்டுப்பார், பிறந்த மண்ணில இதை என்ன பிடிச்சுத் தின்னுதெண்டு. கட்டாயம் எழுது. நேற்று மட்டும் 83 பொறுக்கினன்.

அம்மா உன்னைச் சுகம் கேட்டவ.

உன்ரை மச்சான்