டாலர் கணக்கு மட்டும் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நாட்டின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை பற்றி, அதாவது இறக்குமதி போன்றவற்றுக்கு வெளியே போகிற டாலர், ஏற்றுமதியாலும் வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்புவதாலும் உள்ளே வருகிற டாலரைவிட எவ்வளவு கூடுதல் என்பது பற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தி போடுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் 'இத்தனை கோடி டாலர்' என்பதோடு முடிந்துவிடுகிறது, ஜிடிபியில், அதாவது நாட்டின் ஒரு வருஷ மொத்த உற்பத்தி மதிப்பில், அது எத்தனை சதவீதம் என்று சொல்வதே இல்லை. எங்கள் பக்கம் ஒரு மா நிலம் வைத்திருப்பவருக்கு ஒரு லட்சம் கடன் இருந்தால் தூக்கம் வராது. ஒரு வேலி, அதாவது இருபது மா, வைத்திருப்பவருக்கு அதே ஒரு லட்சம் ஒரு போகத்தில் அடைகிற கடன். நாட்டுக்கும் அப்படித்தானே?

2012-13இல் பற்றாக்குறை சுமார் 8,800 கோடி டாலர், ஜிடிபியில் 4.8 சதவீதம். 2022-23இல் சுமார் 6,700 கோடி டாலர், ஆனால் 2 சதவீதம்தான். டாலரில் பார்த்தால் கால்வாசி குறைந்திருக்கிறது, சதவீதத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது, ஏனென்றால் இடையில் பொருளாதாரமே பெருத்துவிட்டது. அந்த 4.8க்கு அப்புறம் 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியதும், தங்கத்துக்கு இறக்குமதி வரி 10 சதவீதம் ஆனதும் அந்த வருஷம் கல்யாணம் வைத்திருந்தவர்களுக்கு மறந்திருக்காது.

சதவீதம் குறைந்தாலே நல்லது என்றும் நான் சொல்லவில்லை. 2020-21இல் பற்றாக்குறை போய் 0.9 சதவீதம் உபரியே வந்தது. கொரோனாவில் ஊர் முடங்கி, வாங்குவது குறைந்ததால் வந்த உபரி அது.

நான் திருத்துறைப்பூண்டி பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். போன வாரம் சம்பாவுக்கு மேலுரம் போட ஒரு அக்கா பொட்டாஷ் வாங்க வந்தார். "பையன் நேத்துதான் குவைத்லேர்ந்து பணம் போட்டான் தம்பி" என்று மஞ்சப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணி வைத்தார். பொட்டாஷ் நம் நாட்டில் கிடைப்பதில்லை, விற்கிற மூட்டை அத்தனையும் கப்பலில் வருவதுதான். டாலர் வெளியே போகிற மூட்டைக்கு, உள்ளே வந்த தினார்தான் அன்றைக்கு என் கல்லாவில் விழுந்தது.

இதை உங்கள் செய்தியில் தேடினால் ஒரு வரிகூட இல்லை. 2024-25இல் வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் அனுப்பியது 13,500 கோடி டாலருக்கு மேல். அந்த வருஷப் பற்றாக்குறை 2,330 கோடி டாலர், ஜிடிபியில் 0.6 சதவீதம். அனுப்பிய பணத்தை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பற்றாக்குறை 4 சதவீதத்தைத் தொட்டிருக்கும், 2013 நிலைமைக்குப் பக்கத்தில். முத்துப்பேட்டையிலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் போய் வெயிலில் நிற்கிற பிள்ளைகளுக்கு அந்த எண்ணில் அவ்வளவு பங்கு இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். அடுத்த முறை டாலர் தொகையோடு சதவீதத்தையும் போடுங்கள், போன வருஷம் இதே காலாண்டில் எவ்வளவு என்பதையும் போடுங்கள், ஏனென்றால் 2025 ஜனவரி-மார்ச்சில் வந்த மாதிரி சில காலாண்டில் உபரிகூட வரும், ஒரு காலாண்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வெளிநாட்டிலிருந்து வந்த பணத்துக்குத் தனியாக ஒரு வரி வேண்டும். இது அரசின் பட்ஜெட்டில் விழுகிற துண்டு அல்ல என்பதையும் சேர்த்து எழுதுங்கள், கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள்.

அந்த அக்கா கிளம்பும்போது மேசையில் கிடந்த நம் பத்திரிகையைப் பார்த்து, "எம் பையன் அனுப்புறது இதுல எங்க தம்பி வருது?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்ட அதில் இடம் இல்லை.

இப்படிக்கு,
வாசகர், திருத்துறைப்பூண்டி