ஒன்பதாம் தளத்தின் பூட்டிய கதவு

நியூ ஜெர்சி

அன்பு நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, மறுபடியும் காலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டீர்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. பேரனோடு பொழுது போவதே தெரியவில்லை. சென்ற வாரம் நியூயார்க் நகரில் ஒரு கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். முப்பது ஆண்டுகள் திருப்பூரில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்த உங்களுக்கு அதைப் பற்றி எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

கிரீன் தெருவும் வாஷிங்டன் பிளேஸும் சந்திக்கும் முனையில் பத்துத் தளங்களோடு நிற்கும் அந்தக் கட்டடம் இன்று நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். 1911இல் அதன் மேல் மூன்று தளங்களில் டிரையாங்கிள் என்ற நிறுவனம் பெண்களுக்கான மேற்சட்டைகளைத் தைத்து விற்றது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களின் இளம்பெண்கள்.

மார்ச் 25, சனிக்கிழமை, மாலை 4.40 மணியளவில், வேலை முடியும் நேரம். எட்டாம் தளத்தில் வெட்டு மேசைக்கு அடியில் இருந்த துணித் துண்டுப் பெட்டியில் தீப்பிடித்தது. வெட்டிய துணியின் மிச்சமான கட்டிங் வேஸ்ட் எப்படிப் பற்றும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அதை ஜனவரிக்குப் பிறகு யாரும் அள்ளிச் செல்லவில்லை. மேசைக்கு மேலே கம்பியில் துணி வெட்டுவதற்கான அளவு மாதிரிகளான மெல்லிய காகித பேட்டர்ன்கள் வேறு வரிசையாகத் தொங்கின. பத்தாம் தளத்துக்குத் தொலைபேசியில் செய்தி போனது; அங்கிருந்த முதலாளிகள் மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவரும் மொட்டை மாடிக்கு ஏறித் தப்பினார்கள். ஒன்பதாம் தளத்துக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தத் தளத்தில் வாஷிங்டன் பிளேஸ் பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்கள் அனைவரும் கிரீன் தெருப் பக்கத்து வாசல் வழியாகவே போக வேண்டும், அங்கே நிற்கும் காவலாளி ஒவ்வொருவருடைய கைப்பையையும் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பூட்டு. வெளியே இருந்த இரும்புப் படி பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் தளத்தோடு நின்றுவிட்டது. லிஃப்ட் இயக்கிய ஜோசப் சீட்டோவும் காஸ்பர் மோர்ட்டிலாரோவும் இயந்திரம் ஓடிய வரைக்கும் ஏறி இறங்கி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார்கள். அந்த இருவரையும் நினைக்கும்போது கை கூப்பத் தோன்றுகிறது. மொத்தம் 146 பேர் இறந்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள். 14 வயதுச் சிறுமிகளும் இருந்தார்கள்.

இதில் என்னை மிகவும் வருத்துவது, அந்தப் பெண்கள் முன்பே போராடியவர்கள் என்பதுதான். 1909 நவம்பரில் கிளாரா லெம்லிச் என்ற இளம் தொழிலாளி கூட்டத்தில் எழுந்து, பேசியது போதும், வேலைநிறுத்தம் செய்வோம் என்று கேட்க, நகரத்துச் சட்டைத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 20,000 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். பல நிறுவனங்கள் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. டிரையாங்கிள் கடைசிவரை சங்கத்தை ஏற்கவில்லை.

தீ நடந்த 1911ஆம் ஆண்டு டிசம்பரில் முதலாளிகள் இருவர் மீதும் வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பதை ஐயமற நிரூபிக்க வேண்டியிருந்தது. உயிர் தப்பிய கேட் ஆல்டர்மன் என்ற பெண்ணைத் தன் சாட்சியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அவள் ஒரே சொற்களைச் சொன்னதைக் காட்டி, மனப்பாடம் செய்து வந்தவள் என்று ஜூரிகளை நம்பவைத்தார். கண்முன்னே தோழி எரிந்ததைக் கண்டவளுக்கு அந்தக் காட்சி சொல்லுக்குச் சொல் நெஞ்சில் பதியாமல் வேறென்ன ஆகும்? டிசம்பர் 27 அன்று இருவரும் விடுதலையானார்கள். 1914இல் இழப்பீடு கேட்ட உரிமையியல் வழக்குகள் சமரசமானபோது ஓர் உயிருக்குக் கிடைத்தது 75 டாலர்.

ஆயினும் 1911ஆம் ஆண்டு விடுதலைத் தீர்ப்போடு முடிந்துவிடவில்லை. ஜூன் மாதமே நியூயார்க் மாநிலம் தொழிற்சாலை விசாரணை ஆணையத்தை அமைத்திருந்தது; மாநிலச் சட்டமன்றத் தலைவர்களான ராபர்ட் வாக்னரும் ஆல் ஸ்மித்தும் அதற்குத் தலைமை ஏற்று, ஆலை ஆலையாகப் போய்ப் பார்த்தார்கள். வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது, தீ ஒத்திகை நடத்த வேண்டும் என்பன போன்ற சட்டங்கள் அடுத்த சில ஆண்டுகளில் வந்தன. தீயைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் அந்த ஆணையத்துக்காக உழைத்தார். 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செயலாளரானார், அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்.

2023இல் திறந்த நினைவுச் சின்னம் அந்தக் கட்டடத்தின் சுவரிலேயே இருக்கிறது. தலைக்கு மேலே ஓடும் எஃகுப் பட்டையில் இறந்தவர்களின் பெயர்களைத் துளையிட்டு வெட்டியிருக்கிறார்கள். இடுப்புயரத்தில் உள்ள கரிய பலகையில் அவை நிழலாடுகின்றன. குனிந்து படித்தபோது என் முகமும் அந்தப் பெயர்களுக்கு நடுவே தெரிந்தது. மகள் அழைக்கும் வரை நகர முடியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் வேலையில் இருந்த காலத்தில் கட்டிங் வேஸ்ட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளியேற்றுவார்கள்? இரவு ஷிப்டில் பின்பக்கக் கதவுச் சாவி யாரிடம் இருக்கும்? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுங்கள். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள நண்பன்