அம்மா கட்டிய மல்லிகைச் சரம்

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள லெட்சுமி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. உனக்குப் பேத்தி பிறந்த செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "லெட்சுமிக்கா? அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லையே" என்றார். நான் திருத்தவில்லை. உன் பெயர் சொன்னதும் முகம் மலர்ந்தது, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

பதில் தாமதமானதற்குத் தேர்வுதான் காரணம். வரும் சனிக்கிழமை உளவியல் அறிமுகத் தாள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் பட்டப்படிப்பு என்றதும் நீ எவ்வளவு மகிழ்ந்தாய் என்பது நினைவிருக்கிறது. பாடம் முழுக்க ஆங்கிலத்தில். எனக்குப் புரிந்ததா என்று பார்க்க ஒரே வழி, தமிழில் எழுதிப் பார்ப்பது. பழைய காலண்டர் தாள்களை நான்காக வெட்டி, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் எழுதி வைத்திருக்கிறேன். அம்மா தூங்கியதும் அடுக்களை மேசையில் கலைத்துப் போட்டு என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். இதுவும் பாடத்தில் படித்ததுதான். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் நாம் ஒரே பக்கத்தை உரக்க உரக்க வாசித்ததை நினைத்துக்கொண்டேன்.

ஆசிரியர் பயிற்சியில் நீ படித்த 'தூண்டல், துலங்கல்' எல்லாம் எனக்கும் வருகிறது. உணவுக்கு முன்னால் வரும் ஒலியைக் கேட்டுக் கேட்டு, அந்த ஒலிக்கே எச்சில் ஊறப் பழகிய பாவ்லோவின் நாய் எளிதாகப் புரிந்தது. காலையில் ரொட்டி பாயின் ஹாரன் சத்தம் கேட்டதும் எனக்கு நாவூறுகிறது. வெறும் ஹாரன் ஒரு காலத்தில் யாருக்கும் நாவூற வைத்திருக்காது. அதற்குப் பின்னால் ரொட்டி வந்து வந்து, சத்தமே ரொட்டிக்கு முன்னறிவிப்பாகிவிட்டது. அந்தத் தாளை ஒரே நாளில் முடித்துவிட்டேன்.

ஒரு செயலின் விளைவுதான் அதைக் கூட்டும், குறைக்கும் என்று சொன்ன ஸ்கின்னரிடம் வந்தபோதுதான் தடுக்கி விழுந்தேன். எதிர்மறை வலுவூட்டல், தண்டனை, இரண்டும் ஒன்றுதான் என்று மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். சோதனையிலும் தவறாகவே எழுதினேன். எதிர்மறை என்ற சொல்தான் ஏமாற்றுகிறது. வலுவூட்டல் எதுவானாலும் ஒரு செயலை மேலும் செய்ய வைக்கும். பிடித்தது ஒன்று வந்து சேர்ந்தால் நேர்மறை, தொல்லை ஒன்று விலகினால் எதிர்மறை. தண்டனை என்பது செயலைக் குறைய வைப்பது. வரையறையை மனப்பாடம் செய்தும் மனத்தில் ஒட்டவில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒன்றுதான் எனக்கு அதைப் புரிய வைத்தது. உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

போன மாதம் ஒரு மாலை. "அப்பா வேலை விட்டு வந்துவிட்டாரா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா இறந்து பதினோரு வருடம். இருபது முறையாவது பதில் சொல்லியிருப்பேன். அதற்கு மேல் முடியாமல் கத்திவிட்டேன். அம்மா சட்டென்று அடங்கிப்போனார். வீடு அமைதியாயிற்று. மறுநாள் ஐந்தாவது முறை கேட்டபோதே கத்தினேன். அதற்கு அடுத்த நாள் இரண்டாவது முறையிலேயே.

அந்த வாரம்தான் இந்தத் தாளைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் கை நின்றுவிட்டது. கத்தினால் தொல்லை நீங்குகிறது, அதனால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கத்துகிறேன். எதிர்மறை வலுவூட்டல் நடப்பது எனக்கு. அதே கத்தல் அம்மாவுக்குத் தண்டனை. ஒரே கூச்சலில் இரண்டும் இருக்கிறது, லெட்சுமி. அன்றைக்கு வெகுநேரம் அழுதேன். அதன்பின் அவர் கேட்டால் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும்மா?" என்று நான் ஒன்று கேட்கிறேன். பேச்சு அங்கே போய்விடுகிறது. ஒவ்வொரு நாளும் இதில் நான் ஜெயிக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்ன நடக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

நினைவாற்றல் பாடத்துக்கு வருகிறேன். ஹென்றி மொலைசன் என்றொரு அமெரிக்கர். 1953இல், 27 வயதில், வலிப்பு நோயைக் குறைக்க மூளையின் இரு பக்கமும் உள்பகுதியை வெட்டி எடுத்தார்கள். கடற்குதிரை போல வளைந்திருக்கும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி அதோடு போய்விட்டது. அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் அவரைச் சோதித்தார். ஒவ்வொரு முறையும் மொலைசன் அந்த அம்மாவை முதன்முறை சந்திப்பது போலவே பேசுவாராம். மொலைசனிடம், கையை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் விளிம்பை வரையச் சொன்னார்கள். மூன்று நாள் பயிற்சி. நாளுக்கு நாள் தவறுகள் குறைந்தன. ஆனால் அதை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. 2008இல் அவர் இறக்கும்வரை உலகுக்கு அவர் வெறும் ஹெச்.எம். என்ற இரண்டு எழுத்துதான்.

இதை வாசித்துவிட்டு, குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போன அன்று உதிரி மல்லிகை வாங்கி வந்தேன். பூவையும் நூலையும் அம்மா முன்னால் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்கள் தாமாக இறங்கின. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நூல் ஒரு சுற்று, விரலில் ஒரு கண்ணி, காம்புக்கு அடியில் ஒரு இழுப்பு. அவர் கண் பூவில்கூட இல்லை, ஜன்னலில் இருந்தது. தோட்டத்தில் நம் சடைக்குக் கட்டித் தந்த அதே நெருக்கமான கட்டு. முழங்கையில் வைத்து ஒரு முழம் அளந்தார். கை கழுவி வந்து சரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல கட்டு. யார் கட்டியது?" என்று கேட்டார்.

"நீங்கள்தான் அம்மா" என்றேன். நம்பவில்லை.

அம்மாவுக்கு அது பழைய பழக்கம், மொலைசன் கற்றது புதியது. இரண்டும் ஒன்றல்ல என்று தேர்வில் எழுதத்தான் வேண்டும். ஆனால் இதையும் கேள். இந்த வீட்டுக்குக் குடிவந்து ஐந்து மாதம். குளியலறை எங்கே என்று அம்மாவைக் கேட்டால் சொல்லத் தெரியாது, பழைய வீட்டுக் கொல்லைப்புறத்தைக் காட்டுவார். போன வாரம் நள்ளிரவில் விழித்துப் பார்த்தேன். இருட்டில் எழுந்து, இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டு நடந்து, கதவுக்கு முன்னால் நின்று, சரியாக விளக்கின் சுவிட்சைப் போட்டார்.

இந்த நினைவைப் பாடத்தில் 'செயல்முறை நினைவு' என்று குறித்திருக்கிறேன். கைப்பழக்கம் என்று எழுதினால் பொருத்தமாக இருக்குமா? தமிழாசிரியை நீ, சொல்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். அம்மா உன்னைப் பார்த்து யாரென்று கேட்கக்கூடும், மனம் நோகாதே. வரும் வழியில் உதிரிப் பூ வாங்கி வா. இரண்டு பேரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுவோம்.

அன்புடன்,
கமலா