மெயின்பிரேம் பழகக் கோடி ரூபாய் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் ஒரு வங்கியின் மெயின்பிரேம் (வங்கிக் கணக்குகளை எல்லாம் கவனிக்கும் பெரிய கணினி) அறையில் 26 வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது தேவகோட்டையில் எங்கள் ஐயா கட்டிய வீட்டில் இருக்கிறேன். தங்கை பேரன் காரைக்குடியில் கணினி படிக்கிறான். ‘மெயின்பிரேமில் பழகுவதென்றால் கோடிக்கணக்கில் ஆகும், பாடத்தில் படித்தால் போதும்’ என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். எனக்கு மனசு கேட்கவில்லை.

ஹெர்குலிஸ் என்ற இலவச மென்பொருள், சாதாரணக் கணினிக்குள் ஐபிஎம் மெயின்பிரேமைப் போலவே ஒன்றை இயக்கிக் காட்டும். அதில் ஓட ஐபிஎம் தரும் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸுக்கு உரிமம் வேண்டும். அது நமக்கு வேண்டாம். டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் இந்த இயந்திரத்துக்கென்றே எஸ்390எக்ஸ் பதிப்பு இருக்கிறது, காசில்லாமல்.

வீட்டில் கிடந்த பழைய கணினியில் இருவரும் உட்கார்ந்தோம். நெட்வொர்க் முகவரியில் ஒரு எண்ணை மாற்றிப் போட்டதில் ஒரு சாயங்காலமே போனது. சரி செய்து, எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியே இன்னொரு கணினிக்குள் நுழையும் வழி) வழியாக உள்ளே போய் நிறுவ ஆரம்பித்தால் ராத்திரி பூராவும் ஓடியது. ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளே பெயர்த்துச் செய்வதால் அவ்வளவு மெதுவு. விடிகாலையில் அவன், இது என்ன வகை இயந்திரம் என்று கேட்கும் ‘யூநேம் -எம்’ கட்டளையைத் தட்டினான். ‘எஸ்390எக்ஸ்’ என்று ஒற்றை வரி வந்தது. வளவுத் தூணில் சாய்ந்து தூங்கிய என்னை உலுக்கி எழுப்பிக் காட்டினான்.

நம் பக்கத்துக் கல்லூரிகள் கழித்துப் போட்ட கணினிகளில் நாலைந்தை இதற்கு ஒதுக்கட்டும். சனிக்கிழமைகளில் நானே வந்து சொல்லித் தருகிறேன். பஸ் காசுகூட வேண்டாம்.

— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தேவகோட்டை