மாட்டை விற்க வேண்டாம் என்ற அம்மாவுக்கு

மிஷன் மருத்துவமனையின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் மற்ற ஊழியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆபரேஷன் முடிந்து அப்பா வீடு வந்து சேர்ந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து போவோர் வருவோரை அதட்டத் தொடங்கிவிட்டார் என்பதிலிருந்தே உடம்பு தேறிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். நடந்தது உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

முதல் நன்றி, பணம் கட்டும் இடத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் போடவில்லை. செலவு விவரத் தாளோடு விழித்துக்கொண்டு நின்ற எங்களை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினீர்கள். வரிசையில் நிற்பவர்கள் காதில் விழ, "உங்களால் எவ்வளவு முடியும்?" என்று கேட்கவில்லை. எந்த அலுவலகத்திலும் மேசைக்கு முன்னால் நின்றே பழகியவர் அப்பா. அங்கேயும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். நீங்களே எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகுதான் அதன் விளிம்பில் உட்கார்ந்தார்.

நிலம் எவ்வளவு, சம்பாதிப்பவர் யார், கடன் யாரிடம், வட்டி என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினீர்கள். "மாட்டுக்கு ஆள் பார்த்தாயிற்று, நாளைக்குப் பணம் வந்துவிடும்" என்றார் அப்பா. பேனாவைக் கீழே வைத்தீர்கள்.

"கறவை மாடா ஐயா?"

"சினை மாடு."

"அப்படியானால் விற்காதீர்கள். குணமாகி வீட்டுக்குப் போய் எதை வைத்துப் பிழைப்பீர்கள்?"

நோய் தீர்ந்தும் தலைநிமிராத குடும்பங்கள் கிராமங்களில் எத்தனையோ. முதலில் மாடு போகும், பிறகு நகை, கடைசியில் நிலம். பிழைத்து எழுந்தவர் தன் நிலத்திலேயே கூலிக்கு இறங்குவார். வைத்தியத்தின் கணக்கில் இது எங்கும் ஏறுவதில்லை. நீங்கள் ஏற்றினீர்கள். ஏழை நோயாளிகள் நிதியைக் கொண்டு எங்கள் செலவில் பெரும்பகுதியைக் கழித்தீர்கள். முழுவதையும் கழிக்காமல் விட்டதற்குத் தனியாக ஒரு நன்றி. அப்பாவால் முடிந்த ஒரு தொகையைக் கட்டச் சொல்லி ரசீது கொடுத்தீர்களே, அதைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். வேனில் வந்து மரத்தடியில் மேசை போட்டு ரத்த அழுத்தம் பார்க்கும் குழு இல்லையென்றால் அப்பாவின் நோய் வெளியே தெரிந்தே இருக்காது. 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவம் தொடங்கிய ஐடா ஸ்கடர், பின்னாளில் சாலையோரங்களுக்கே போய் நோயாளிகளைப் பார்த்தார். அந்த வழக்கத்தை நீங்கள் விடாமல் வைத்திருக்கிறீர்கள். தாளில் படம் வரைந்து, எதை வெட்டப் போகிறோம் என்று அப்பாவுக்கே நேராகத் தமிழில் சொன்ன டாக்டரம்மாவுக்கும் நன்றி. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். இன்றோ பல இடங்களில் நோயாளிக்குப் புரியாத மொழியில்தான் அவருடைய நோயைப் பற்றிப் பேசுகிறார்கள். இரவெல்லாம் சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு என்னைத் தூங்கச் சொன்ன சிஸ்டருக்கும், வார்டைக் கழுவித் துடைத்தவர்களுக்கும், ரத்தம் கொடுத்த முகம் தெரியாதவர்களுக்கும் நன்றி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "அங்கே போனால் மதம் மாற்றிவிடுவார்கள்" என்று சொந்தக்காரர்களே பயமுறுத்தினார்கள். ஆபரேஷனுக்கு முன் டாக்டர், "ஜெபம் செய்யலாமா ஐயா?" என்று அனுமதி கேட்டார். "எல்லாச் சாமியும் வரட்டும்" என்றார் அப்பா. டாக்டர் சிரித்துவிட்டார்; பிறகு கண்ணை மூடிச் சுருக்கமாக ஜெபித்தார். அதற்கு முன்னும் பின்னும் மதத்தைப் பற்றி எங்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பயமுறுத்தியவர்கள் இதையும் படிக்கட்டும்.

மாடு கன்று ஈன்றதும் பால் காசில் ஒரு பங்கை மாதந்தோறும் அந்த நிதிக்குக் கட்டுவதாக முடிவு செய்திருக்கிறேன். கறவை வற்றும் மாதங்களில் என் சம்பளத்திலிருந்து கட்டுவேன். ரசீதை மட்டும் அப்பா பெயரில் போடுங்கள்.

நன்றியுடன்,
அவர் மகள்