துவரைக்கு வரி இல்லை, சரி. வாங்குவோமா?

ஆசிரியருக்கு,

பருப்பு விலை ஏறும்போதெல்லாம் "ஆப்பிரிக்காவிலிருந்து வாங்கலாமே, ஏழை நாடுகளுக்குத்தான் வரிச்சலுகை இருக்கிறதே" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். சலுகை இருப்பது உண்மைதான். இந்தியா 2008-லேயே அறிவித்தது, தான்சானியா, மொசாம்பிக், மலாவி மூன்றுமே அதில் வருகின்றன. 2017 மார்ச்சில் துவரைக்கு 10 சதவீத இறக்குமதி வரி போட்டபோதும் இவர்களுக்கு அந்த வரி கிடையாது. ஆனால் அந்த வருஷமே அந்தச் சலுகை என்ன லட்சணத்தில் இருந்தது என்று பாருங்கள்.

2015-ல் இங்கே துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. அந்த விலையை நம்பி தான்சானியாவின் தெற்கே லிண்டி, ம்ட்வாரா பக்கமெல்லாம் துவரை போட்டார்கள். அவர்கள் சாப்பிடுவது கொஞ்சம், பெரும்பகுதி நம் சாம்பாருக்காக விளைவது. அதற்குள் 2016-17-ல் இங்கேயே விளைச்சல் கொட்டோ கொட்டென்று கொட்டி, கர்நாடகத்தின் கலபுரகி விவசாயிக்குக் குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்று அரசு அறிவித்த ஆதரவு விலைகூடச் சந்தையில் கிடைக்கவில்லை. உடனே 2017 ஆகஸ்ட் மாதம், வருஷத்துக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் துவரை உள்ளே வரக்கூடாது என்று அறிவிப்பு. ஆகஸ்ட் அவர்களுக்கு அறுவடை நேரம், விதைத்ததோ ஏழெட்டு மாதம் முன்னால்! வரி பூஜ்ஜியம், ஆனால் சரக்கைக் கப்பலில் ஏற்ற வழியில்லை. மொசாம்பிக் 2016-லேயே நம்மோடு தனியாக ஒப்பந்தம் போட்டிருந்ததால் ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது, அப்படியும் அங்கே விலை சரிந்தது.

நம் விவசாயியைக் காப்பாற்றியது தப்பு என்று சொல்லவில்லை, அவர் நஷ்டப்பட்டு நாம் மலிவாகச் சாப்பிட வேண்டியதில்லை. ஆனால் கட்டுப்பாடு போடுவதானால் நவம்பருக்குள், அவர்கள் விதைக்கும் முன் சொல்லிவிட்டால் வேறு பயிராவது போடுவார்கள். 2021 மே மாதம் துவரை இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள், அதையும் பிறகு வருஷா வருஷம் நீட்டித்துக்கொண்டுதான் வந்தார்கள். இதை நம்பி யார் நிலத்தில் இறங்குவார்? அதே 2021-ல் மொசாம்பிக்கிடம் ஆண்டுக்கு 2 லட்சம் டன், மலாவியிடம் 50,000 டன் துவரை வாங்குகிறோம் என்று ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தோமே, அப்படி ஒன்றைத் தான்சானியாவுக்கும் கொடுப்பதில் வர்த்தக அமைச்சகத்துக்கு என்ன தயக்கம்?

— ஒரு வாசகர், மதுரை